பொறுமை எங்கிருந்து வருகிறது: உப்புவெளி நாட்குறிப்பு

யூன் 14, சனி

திருகோணமலை உப்புவெளியில் நான் எடுக்கும் கணக்கு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு ஒரு தாய் காணொளி ஒன்று போட்டிருந்தார். வாழ்க்கையில் வெல்ல எப்படி யோசிக்க வேண்டும் என்று ஒருவர் மேடையில் நின்று கதைக்கிறார். நினைத்தால் எதுவும் நடக்கும் என்பதுதான் அதன் சாரம். கீழே, "மிஸ், என்ட மகளுக்கும் இதை ஒருக்கால் சொல்லிக் குடுங்கோ" என்று எழுதியிருந்தார்.

அவருடைய கணவர் கடலுக்குப் போகிறவர். வாடைக்காற்று தொடங்கினால் மாதக்கணக்கில் தொழில் படுத்துவிடும். மகளாவது மழையை நம்பியும் காற்றை நம்பியும் வாழாமல் இருக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. அதற்கு இரண்டு வரியில் பதில் போட்டு முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாதிரி மனப்பாங்கு ஒரு பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவரும், அதோடு சந்தோஷமாகவும் வைத்திருக்கும்? படித்து நல்ல வேலைக்குப் போய், வீட்டில் ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்காத ஆட்களை இந்த ஊரிலேயே தெரியும். அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். வகுப்பில் பார்ப்பதையும் வாசித்ததையும் இனி இங்கே எழுதி வைக்கிறேன்.

யூன் 16, திங்கள்

இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் கணக்கு. அந்தத் தாயின் மகள் முன்வரிசையில் இருக்கிறாள், பத்தாம் ஆண்டு. 12ஐ 4, 3 என்று சரியாகத்தான் பிரித்திருந்தாள். குறிதான் இடம் மாறிவிட்டது. விடை வரவில்லை என்றதும் அழிறப்பரை எடுத்து முழு வேலையையும் தேய்க்கத் தொடங்கினாள். தாள் மெலிந்து மெலிந்து கடைசியில் நடுவில் கிழிந்தது. கிழிந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் பிள்ளை அழிச்சனீங்கள்?"

"பிழை மிஸ்."

"எந்த வரியில பிழை?"

அது அவளுக்குத் தெரியாது. தெரிவதற்கு அந்த வரியே இப்போது இல்லை.

சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அவளுக்குக் 'கெட்டிக்காரி' என்று பெயர். 1998இல் அமெரிக்காவில் கிளாடியா மியூலர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், சிலரிடம் "நல்லாப் பாடுபட்டிருக்கிறாய்" என்றார்கள். ஒரே ஒரு வசனம்தான் வித்தியாசம். பிறகு எப்படிப்பட்ட வேலை வேண்டும் என்று கேட்டபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலானோர் நன்றாகச் செய்து காட்டக்கூடியதையே கேட்டார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் பத்தில் ஒன்பது பேர், புதிதாக எதையாவது படிக்கக்கூடியதைக் கேட்டார்கள். இடையில் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்து, திரும்பவும் இலகுவானதைக் கொடுத்தார்கள். முதல் கூட்டத்தின் புள்ளி தொடக்கத்தில் எடுத்ததைவிடக் குறைந்தது, இரண்டாவது கூட்டத்தின் புள்ளி கூடியது. இன்னொன்றும் உண்டு. கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர், தாங்கள் எடுத்த புள்ளியைக் கூட்டிச் சொன்னார்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள்! பெயரைக் காப்பாற்ற வேண்டிய பாரம் பிள்ளையைப் பொய் சொல்லவும் வைக்கும்.

இன்றிலிருந்து வகுப்பில் அழிறப்பர் இல்லை. பிழையான வரிக்குக் குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே அடுத்த முயற்சி. பழையது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

யூன் 20, வெள்ளி

இன்று எழுதுவதுதான் எனக்கு மிக முக்கியம்.

மேடைப் பேச்சுகளில் அடிக்கடி வரும் கதை ஒன்று: ஒரு பிள்ளைக்கு முன்னால் ஒரு மார்ஷ்மெல்லோ இனிப்பை வைத்து, "நான் திரும்பி வரும் வரைக்கும் சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்பார்கள். உளவியலாளர் வோல்டர் மிஷெல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை. காத்திருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்பதால், பொறுமைதான் வெற்றியின் திறவுகோல் என்று முடித்துவிடுவார்கள். 2018இல் இன்னும் கூடிய பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு முன்பு கண்டதைவிடச் சிறியதாக இருந்தது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சுருங்கியது.

ஆனால் என்னை உலுக்கியது செலஸ்ட் கிட் என்பவரும் அவரது குழுவும் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்து 2013இல் வெளிவந்த சின்ன ஆய்வு. மூன்று முதல் ஐந்து வயதுள்ள 28 பிள்ளைகள். இனிப்பை வைக்க முன்னம், அவர்களுக்குப் பழைய கிரேயோன்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறுங்கள், நல்லது கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மற்றப் பாதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னிக்க வேண்டும், இல்லையாம்" என்றார்கள். ஸ்டிக்கரை வைத்தும் அப்படியே ஒரு தடவை. அதற்குப் பிறகுதான் இனிப்பு. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாந்தவர்கள் 3 நிமிடம். 15 நிமிடமும் தாக்குப் பிடித்தவர்கள் ஒரு பக்கம் 14 பேரில் 9 பேர், மற்றப் பக்கம் ஒரே ஒருவர்.

அந்த மூன்று நிமிடப் பிள்ளைகளைக் குறை சொல்ல என்னால் முடியாது. கையில் இருப்பதைச் சாப்பிட்டுவிடுவது அவர்களைப் பொறுத்தவரை சரியான கணக்கு.

திருகோணமலையில் வாழ்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. யுத்தம் முடிந்தால் எல்லாம் வரும் என்று சொல்லி வளர்த்த தலைமுறை இது. 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை பேர் வந்து பெயர் எழுதி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் திரும்பி வந்து சொன்னதைச் செய்தார்கள், சிலர் வரவே இல்லை. அந்த ஏமாற்றங்களோடு வளர்ந்தவர்கள்தான் இன்றைக்குப் பெற்றோர். அவர்களுடைய பிள்ளையிடம் போய் "பொறுமையாக இரு, நாளைக்குப் பலன் வரும்" என்று சொல்கிறோம். அந்தச் சொல்லை நம்ப அவனிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

முன்னேறத் தேவையான மனப்பாங்கு பிள்ளைக்குள் தானாக முளைப்பதாக நான் நினைக்கவில்லை. சொன்னதைச் செய்கிற பெரிய ஆள் ஒருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும். நாளை என்று ஒன்று உண்டு என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

திருத்திய வினாத்தாள்களைப் புதன்கிழமை தருவதாக வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

யூன் 23, திங்கள்

பின்னேரம் முழுக்கக் கரண்ட் இல்லை. கச்சான் காற்று அடுப்பு வாசல் மாதிரி அடித்தது. முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே இருந்து தாள்கள் எல்லாம் திருத்தி முடித்தேன்.

யூன் 25, புதன்

தாள்கள் கொடுத்தாயிற்று.

பெரியம்மாவின் மகன் வந்து போனான். உயர்தரம் முடித்துவிட்டு வெளிநாட்டுக் கனவோடு இருக்கிறான். எந்தக் கார், எப்படி வீடு என்பது வரைக்கும் மனதில் படம் ஓடுகிறது. ஆங்கிலப் பரீட்சைக்குப் பதிந்தாயா என்று கேட்டால் பதில் இல்லை.

ஜெர்மன் உளவியலாளர் கப்ரியேல் எட்டிங்கன் இதை நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார். பட்டம் முடித்து வேலை தேடிய இளைஞர்களை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வேலை கிடைத்துவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள், கிடைத்த வேலையும் சம்பளமும் குறைவு. என்னால் முடியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தவர்களோ நன்றாக வந்திருந்தார்கள். கற்பனையில் சாப்பிட்டு வயிறு நிறைந்தவன் எழும்பி நடக்க மாட்டான். அவர் சொல்லும் வழி இலகுவானது: ஆசையை நினை, உடனே அதற்குக் குறுக்கே நிற்கும் உன்னுடைய தடை எது என்று நினை, அந்தத் தடை வரும்போது இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு எடு.

"தம்பி, உன்னை மறிக்கிறது என்ன?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இங்கிலீசில கதைக்க வெக்கம் அக்கா" என்றான். வெட்கம் என்றால் அதற்கு ஒரு வேலை செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் சின்ன மகளோடு ஆங்கிலத்தில் மட்டும் பத்து நிமிடம் தொலைபேசியில் கதைப்பது என்று முடிவு. அவள் பிழை பிடிப்பாள், ஆனால் நக்கல் அடிக்க மாட்டாள்.

யூன் 29, ஞாயிறு

விடியக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் பின்னோக்கி நடந்து நடந்து இழுக்க, மடி மெதுவாகக் கரைக்கு வந்தது. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சூடை, கொஞ்சம் காரல்.

இழுக்கத் தெம்பில்லாத ஒரு ஐயா, வந்து சேரும் கயிற்றை மணலில் வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். மீனைப் பிரிக்கும்போது முதலில் அவருடைய பையில் ஒரு கை அள்ளிப் போட்டார்கள். "இண்டைக்குக் குறைவுதானே அண்ணை, அவருக்கும் பங்கோ?" என்று கேட்டேன். வலையை உதறிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "குறைவான நாளிலதான் பிள்ளை பங்கு தெரியும்."

ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கிய வாழ்நாள் ஆய்வு ஒன்று இன்னும் நடக்கிறது. அந்தப் பல்கலைக்கழக மாணவர்களும் பொஸ்டனின் ஏழைக் குடியிருப்புப் பையன்களுமாக 724 ஆண்களின் வாழ்க்கையைப் பல பத்து வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். பிறகு மனைவிமாரும் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். இப்போதைய இயக்குநர் ரொபர்ட் வால்டிங்கர். முதுமையில் யார் நலமாக இருப்பார் என்பதை, ஐம்பது வயதில் எடுத்த கொலஸ்ட்ரோல் அளவைவிட, அந்த வயதில் உறவுகளில் இருந்த திருப்தி நன்றாகக் காட்டியதாம். பணமோ பெயரோ முதலிடத்தில் வரவில்லை.

அந்தப் பையில் விழுந்த மீனை, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சின்னப் பெடியன்களும் கண்டார்கள். தங்களுக்கு வயது போனாலும் இந்தக் கரை கைவிடாது என்பதை ஒருவரும் அவர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லவில்லை.

யூலை 3, வியாழன்

அழிறப்பர் விஷயம் வகுப்பில் பழகிவிட்டது. யாருடைய கொப்பியில் அதிகம் வெட்டுக்கோடு என்று இப்போது ஒருவருக்கொருவர் காட்டுகிறார்கள். ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் உளவியலாளர் டேவிட் யேகரும் மற்றவர்களும் அமெரிக்காவில் 12,000க்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, மூளை உழைக்க உழைக்க வளரும் என்பதை ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இணையப் பாடமாகக் கொடுத்தார்கள். அவர்களில் படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரித் தரப்புள்ளி (GPA) 0.1 அளவு கூடியது. சின்னக் கூடுதல்தான், மந்திரம் இல்லை. கடினமானதைத் தேடிச் செய்வதைச் சக மாணவர்களும் மதிக்கிற பள்ளிக்கூடங்களில் அந்தப் பலன் கூடுதலாக இருந்தது.

பின்னேரம் அந்தத் தாயோடு தொலைபேசியில் நீண்ட நேரம் கதைத்தேன். காணொளியைப் பற்றிக் கொஞ்சம், மகளைப் பற்றி நிறைய. கெட்டிக்காரி என்பதை விட்டுவிட்டு, "இந்தக் கணக்கை எப்படிக் கண்டுபிடிச்சனி?" என்று கேட்கச் சொன்னேன். அப்புறம் அவரே ஒன்று சொன்னார். போன வருடம் தகப்பன் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், தொழில் சரியில்லாததால் முடியவில்லை. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேச்சே எடுப்பதில்லை.

"பேச்சு எடுங்கோ" என்றேன். "ஏன் முடியாமல் போச்சு எண்டு அப்பாவே அவளிட்ட சொல்லட்டும். எப்ப முடியும், முதல்ல எவ்வளவு சேர்க்கலாம் எண்டும் சொல்லட்டும். வாங்க முடியாத மாதத்தைச் சொல்ல வேண்டாம்."

இரவு அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. தகப்பன் மகளை இருத்தி வைத்துக் கதைத்தாராம். ஐப்பசிக்கு முன்னம், புதியது முடியாவிட்டால் பழைய சைக்கிள் ஒன்று. நிறம் எது என்றாலும் பரவாயில்லை, முன்னால் கூடை மட்டும் வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.