படகு டிக்கெட் போடும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

டப்ளினில் கால்பந்து விளையாடும் பையனை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு வார லீவும் கணிசமான காசும் போயிற்று.

மகனுக்கு 15 வயது. எங்கள் எல்லோருக்கும் ஐரிஷ் பாஸ்போர்ட். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் போன் செய்தார்: "இங்கிலாந்தில் ஒரு கிளப் உங்கள் பையனைப் பார்க்கணும்னு சொல்றாங்க. 16 ஆனதும் கையெழுத்துதான்." டப்ளின் வீரர் ட்ராய் பாரட் 2017-ல் லண்டன் கிளப்பான டாட்டன்ஹாம் போனது அப்படித்தானே என்று நானும் நம்பினேன். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஏஜென்ட் உரிமம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. காரோடு வேல்ஸில் உள்ள ஹோலிஹெட் துறைமுகத்துக்குப் படகு ஏறிவிட்டோம்.

ட்ரயல், அதாவது கிளப் ஆடவைத்துப் பார்ப்பது, நன்றாகவே போனது. மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒரு அம்மா படிவத்தைத் திறந்து, பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "18 ஆகும்வரை இங்கே பதிவு செய்ய முடியாதே, உங்களுக்குத் தெரியாதா?"

18 வயதுக்குள் நாடு விட்டு நாடு மாறக் கூடாது என்பது ஃபிஃபா விதி. 16 வயதிலேயே போகலாம் என்ற சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் உள்ளே மட்டும்தான். பிரெக்ஸிட்டால் 2021 தொடக்கத்தோடு இங்கிலாந்துக்கு அது போயிற்று. பெற்றோர் வேலைக்காகக் குடிபெயர்ந்தால் வேறு கதை, ஆனால் பந்துக்காகப் பெயரக் கூடாது. திரும்பும் படகில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈர பூட்ஸ் பையை மடியில் வைத்தபடியே வந்தான், நாற்றம் தாங்கவில்லை.

அப்புறம் இங்கேயே ஒரு கிளப்பின் 17 வயதுக்குட்பட்டோர் அணியில் சேர்த்தோம். அதிலும் ஒரு சிக்கல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் அப்பா பெயர், அவன் பாஸ்போர்ட்டில் என் பெயர். "நீங்கள் அப்பாதானா?" என்று பதிவாளர் கேட்டேவிட்டார். கையில் இருந்தது பெற்றோர் பெயர் இல்லாத சின்னச் சான்றிதழ். முழுப் பிறப்புச் சான்றிதழை முதல் நாளே கொண்டுபோங்கள், இன்னொரு நடை மிச்சம்.

ஒரே ஆறுதல், இளம் வீரர் மேசன் மீலியாவும் டப்ளின் கிளப்பான செயின்ட் பாட்ரிக்ஸிலேயே ஆடி, 18 ஆன பிறகுதான் டாட்டன்ஹாம் போகும்படி ஒப்பந்தம் போட்டார். அதற்குள் இவன் பள்ளி இறுதித் தேர்வான லீவிங் செர்ட்டையும் முடித்துவிடலாம்.

கோச் இவனைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கத்துகிறார். அது என் பெயர். இரண்டு முறை நான் எழுந்தே நின்றுவிட்டேன்.