'படு' இல்லாத மொழி

படிவங்களையும் அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதில் என் ஜென்ம விரோதி 'படு'. நிராகரிக்கப்படும், பரிசீலிக்கப்பட்டு வருகிறது, தெரிவிக்கப்படுகிறது. போன வாரம் ஒரே பக்கத்தில் 17 எண்ணினேன். அத்தனையும் நானே எழுதியவை.

அன்று ராத்திரி எரிச்சலில் கையில் எடுத்தது கிளிங்கன் இலக்கணம். ஸ்டார் டிரெக் படத்து முரட்டு வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதற்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் கட்டிய மொழி; அகராதி 1985இல் வந்தது. அதில் செயப்பாட்டுவினையே கிடையாது. சண்டைக்காரர்கள் அல்லவா, செய்தவனை மறைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். தப்பு. மறைக்க வேறு வழி வைத்திருக்கிறார்கள்.

'லெக்' என்றால் பார். முன்னால் 'வி' சேர்ந்தால் 'நான் அவனை'. ஆக 'விலெக்', நான் அவனைப் பார்க்கிறேன். கடைசியில் ஒரு 'லு' ஒட்டி, தொண்டையில் சட்டென்று வெட்டி நிறுத்துங்கள்: 'விலெக்லு'. இப்போது யாரோ என்னைப் பார்க்கிறார்கள்! பார்த்துக்கொண்டிருந்த 'நான்' பார்க்கப்படும் பக்கம் போய்விடுகிறது (பாருங்கள், மறுபடியும் 'படு'). 'வி' அப்படியேதான் இருக்கிறது, திசைதான் திரும்பிவிட்டது. இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு டீ ஆனது.

'உண்டு' என்பதற்கும் இதே லுதான். 'து' என்றால் கண்டுபிடி, கவனி. 'துலு', யாரோ காண்கிறார்கள், அதாவது இருக்கிறது. எழுதிப் பார்த்தால் மங்களூர்ப் பக்கத்து மொழியின் பெயர் மாதிரி இருக்கிறது, அது வேறு.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கப் போனேன். பாதியிலேயே, "சரி சரி, நாளைக்குக் காலையில கரண்ட் நிறுத்துறாங்களாம், மோட்டார் போட்டு வை" என்றார். யார் நிறுத்துகிறார்கள்? அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரிய வேண்டியதில்லை. அந்த 'றாங்க'தானே லு! இத்தனை வருடம் வீட்டிலேயே கிடந்திருக்கிறது.

மறுநாள் உற்சாகமாக ஒரு படிவத்தில் 'நிராகரிக்கப்படும்' என்பதை அடித்துவிட்டு 'ஏற்க மாட்டோம்' என்று மாற்றி அனுப்பினேன். மாலையே பதில் வந்தது: 'மாட்டோம் என்றால் யார்? பழையபடியே போட்டுவிடுங்கள்.'

போட்டுவிட்டேன்.