மயக்கத்தின் முதல் நிமிடம்

"தம்பி, நான் மயங்கினாப் பிறகு இதயம் தன்ரபாட்டில அடிக்குமோ?"

கிளிநொச்சியில் இன்று காலை, சத்திரசிகிச்சை மேசையில் படுத்திருந்த முதிய கமக்கார ஐயா ஒருவர் இப்படிக் கேட்டார். பல காலமாகப் பிறஷர் குளிசை எடுப்பவர். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவனான என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவரது விரல்களில் நாடி வேகமாக அடித்தது.

மிகச் சரியான கேள்வி.

நரம்பு வழியே செலுத்தும் மயக்க மருந்தான புரொப்போபோல் இரத்தக் குழாய்களை விரிப்பதால் குருதியமுக்கம் சடுதியாக விழும். அடுத்த நிமிடமே, சுவாசக் குழாயைச் செலுத்துவதற்காக நாவைத் தூக்கும்போது, உடலை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்புகள் கிளர்ந்து நாடியையும் அமுக்கத்தையும் மேலே தள்ளும். இந்த வீழ்ச்சியையும் ஏற்றத்தையும் முதிய இதயம் எளிதில் தாங்காது.

ஆகவே அந்த ஏற்றத்தைத் தணிக்கும் வலிநீக்கியான பென்ரனிலைச் சில நிமிடங்கள் முன்னதாகவே கொடுத்துவிட்டு, இளையவர்களுக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் வரை தேவைப்படும் புரொப்போபோலை இவருக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில், இரணைமடுக் குளத்தின் வான்கதவைச் சிறிது சிறிதாக உயர்த்துவதுபோல, மெதுவாகவே செலுத்தினேன்.

இன்னொரு மயக்க மருந்தான எரொமிடேற் அமுக்கத்தை அதிகம் குலைக்காது. ஆனால் ஒரே தடவை கொடுத்தாலும் சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியின் சுரப்பைத் தற்காலிகமாக அடக்கும்.

குருதி இழந்து வருபவர்களுக்குப் பலரும் கெற்றமின் என்ற மயக்க மருந்தையே நாடுகிறோம், ஏனெனில் அது பரிவு நரம்புகளைத் தூண்டி அமுக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. எனினும் அதை முற்றிலும் பாதுகாப்பானது என்று கூற எனக்கு மனமில்லை. நீண்ட நேரம் குருதியோட்டம் குன்றிய அதிர்ச்சி நிலையில் கிடந்து, உடலின் சொந்த அட்ரினலின் இருப்புத் தீர்ந்துபோனவரில், அதே கெற்றமின் இதயத் தசையைத் தளர்த்தக்கூடும். அத்தகையோருக்கு அளவைக் குறைத்து, அமுக்கத்தை உயர்த்தும் மருந்தை ஊசியில் எடுத்துக் கையெட்டும் தூரத்தில் வைத்த பிறகே தொடங்குகிறேன்.