கொட்டகை உள்ளவன் சொன்ன புத்தி

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கட்டுரையின் கடைசியில் ஒரு பழமொழியை ஒட்டிவிட்டால் புள்ளி கூடும் என்று யாரோ இவர்கள் காதில் ஓதி வைத்திருக்கிறார்கள். அதனால் டெங்கு பற்றி எழுதினாலும் சுற்றுலா பற்றி எழுதினாலும் எல்லாம் “ரோம் நகரம் ஒரே நாளில் கட்டப்படவில்லை” என்றுதான் முடியும். ஒரு பையன் மட்டும் ரோமைத் தூக்கிவிட்டுக் கல்லடிப் பாலத்தைப் போட்டிருந்தான். நியாயம்தானே? 1924இல் திறந்த ஒடுங்கிய பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கத்தில் காத்துக் கிடந்தோம். பக்கத்தில் புதுப் பாலம் திறக்க 2013 ஆனது. அவனுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு சட்டம் போட்டேன். பழமொழி எழுதுகிறவர்கள், அது தங்கள் வீட்டில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்றும் எழுத வேண்டும். தமிழில் எழுதினாலும் சரி. பிள்ளைகள் எழுதுவதைப் படிக்கப் படிக்க எனக்கு இந்தப் பழமொழிகள் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவை” என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மேக் ஹே வைல் த சன் ஷைன்ஸ். ஜோன் ஹேவுட் 1546இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இது இருக்கிறது. ரோமும் அதே தொகுப்பில் உண்டு. பிள்ளைகள் இதை வைக்கல் என்று நினைக்கிறார்கள். சூடடித்து மிஞ்சுகிற வைக்கல் இல்லை இது. பனிக்காலத்தில் மாட்டுக்குப் போடுவதற்காகப் பச்சைப் புல்லை வெட்டிக் காயவைத்துச் சேர்ப்பது. ஈரத்தோடு குவித்தால் உள்ளுக்குள் சூடேறி, சிலவேளை போரே தானாகத் தீப்பற்றிவிடும். எந்த நேரம் மழை வரும் என்று தெரியாத நாட்டில் வெயிலைக் கண்டால் ஓடத்தான் வேண்டும்.

எங்களுக்கு அந்த ஓட்டம் நெல்லில். மாரி வெள்ளாமை வெட்டுகிற தை, மாசியில் வெல்லாவெளிப் பக்கம் போய்ப் பாருங்கள். தார் ரோட்டில் பாதியைப் பிடித்துப் படங்கு விரித்து நெல் காயும். பஸ்காரர் ஏசிக்கொண்டே மற்றப் பாதியால் போவார். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெட்டிய கையோடு இருக்கும் நெல்லில் அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். அப்படியானால் காயவைக்க வேண்டியதுதானே?

என் மாமா, அதாவது கணவரின் அப்பா, பெரும்பாலும் காயவைப்பதில்லை. அறுவடை மெசின் வயலை விட்டு ஏறும் முன்பே ஈர நெல்லை வியாபாரியின் லொறியில் ஏற்றிவிடுவார். விலை குறையும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. “ரெண்டு நாள் காயப்போட்டால் என்ன மாமா?” என்று கேட்டால் ஒரே பதில்தான்:

“வெயிலப் பார்த்துக்கிட்டிருந்தா வட்டிய ஆர் புள்ள பார்க்கிற?”

விதைக்கும்போது மாமியின் காப்பை அடகு வைத்து எடுத்த காசு, உரக்கடைக் கொப்பியில் ஏறிய கணக்கு, மெசின் கூலி என்று எல்லாம் வெட்டு முடிகிற அன்றே வாசலுக்கு வந்துவிடும். புல்லைக் காயவைக்கச் சொன்ன வெள்ளைக்காரனுக்கு அதைச் சேர்த்து வைக்க ஒரு கொட்டகை இருந்திருக்கிறது. மழை மட்டும்தான் அவனை அவசரப்படுத்தியிருக்கிறது.

கடன் என்றதும் பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொன்று ஞாபகம் வருகிறது: கடன் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். ஷேக்ஸ்பியர் சொன்னார் என்று பயபக்தியோடு எழுதுவார்கள். ஷேக்ஸ்பியர் அதை யார் வாயில் போட்டார் என்று பார்க்க வேண்டாமா? ‘ஹம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ் என்று ஒரு வாயாடிக் கிழவர் வருகிறார். பிரான்சுக்குப் புறப்பட்டு நிற்கிற மகனைப் போகவிடாமல் பிடித்து வைத்து அடுக்குகிற புத்திமதிகளில் இதுவும் ஒன்று. பிறகு அதே மகனை வேவுபார்க்க ஆளும் அனுப்புகிறார். எங்கள் ஊர்க் கூட்டங்களில் மைக்கை விடாத பெரியவர்கள் சிலரை நினைத்துக்கொண்டேன், பெயர் வேண்டாம்.

அந்தப் புத்தியைக் கேட்டால் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் பாதி வயல் தரிசாகக் கிடக்கும். இரசாயன உரத்துக்குத் தடை வந்த 2021 மாரிப் போகத்தில் விளைச்சல் விழுந்தபோது, கொப்பிக் கணக்குகள் அப்படியே அடுத்த போகத்துக்குத் தாவின. எங்கள் கடைக்காரர் அடுத்த முறையும் கடனுக்குக் கொடுத்தார். அவருக்கு இளகிய மனம் என்று சொல்ல மாட்டேன். கொடுக்காவிட்டால் பழைய காசும் வராது என்று கணக்குத் தெரிந்தவர்.

முட்டைகளை ஒரே கூடையில் வைக்காதே என்பதை விளக்கச் சொன்னேன். ஒரு பிள்ளை நன்றாக எழுதியிருந்தது: வயல், நாலு எருமை, தயிர்ச் சட்டி வியாபாரம், கட்டாரில் அண்ணன், பிரதேச சபையில் அக்கா. அந்த வீட்டுக்கு யாரும் பழமொழி சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்த மேசன் வேலைக்காரரின் மகள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “எங்கட வீட்டில முட்டையும் அப்பாதான், கூடையும் அப்பாதான் ரீச்சர்.” அதற்கு என்ன புள்ளி போடுவது?

சில பழமொழிகள் இந்தக் கரைக்கே வந்து சேரவில்லை. காலமும் வற்றுப்பெருக்கும் யாருக்காகவும் காத்திராது என்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் கடல் ஏறி இறங்கும் உயரம் 14 மீற்றர் வரை போகும். நேரம் தவறினால் கப்பல் சேற்றில் குந்திவிடும்; பயப்படத்தான் வேண்டும். எங்கள் கரையில் அது ஒரு மீற்றர்கூட இல்லை. முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும் மாதங்களில் வாவிக்கு அந்த ஏற்ற இறக்கமும் வராது. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிற பாதையில், அதாவது ஆட்களையும் வண்டிகளையும் வாவி கடத்திவிடும் மிதவையில், ஏற ஓடி வந்து, தூரத்திலேயே “அண்ணே, நில்லுங்க!” என்று சத்தம் போட்டால் பாதைக்காரர் நிற்பார். மோட்டர் சைக்கிளை ஏற்றக் கையும் கொடுப்பார். மண்டூர்க் கந்தன் திருவிழா நாளில் மட்டும் அந்தச் சலுகை இல்லை.

குறையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நேரத்துக்குப் போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சமாக்கும் என்பதை நான் முழு மனதோடு கற்பிக்கிறேன். தோமஸ் புல்லர் 1732இல் வெளியிட்ட தொகுப்பில் கொஞ்சம் தயக்கத்தோடு, மிச்சமாக்கலாம் என்றுதான் போட்டிருக்கிறார். அவர் எங்கள் வயலுக்கு வந்திருந்தால் அந்தத் தயக்கம் வந்திராது. வரம்பில் நண்டு வளை போடும். பார்த்தால் பெருவிரல் போகிற ஓட்டை. தண்ணீர் சும்மா கசியும். பின்நேரம் வரம்பு பார்க்கப் போகிற மாமி குனிந்து ஒரு கை சேறு அள்ளி வைத்து, காலால் மிதித்துவிட்டுப் போவா. கொட்டகையும் வேண்டாம், கையில் காசும் வேண்டாம். அதை விட்டால் இரவு முழுக்க அரித்து, விடியும்போது வரம்பில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வாய் திறந்திருக்கும். பிறகு மண்வெட்டி, கம்பு, சாக்கு, இரண்டு ஆள் கூலி. யூரியா எறிந்த அன்று இது நடந்தால் இன்னும் மோசம். தண்ணீரோடு உரமும் கீழ் வயலுக்குப் போய்விடும். ஒரு கிழமையில் எங்கள் பயிர் மஞ்சளாக நிற்க, கீழ் வயல் கரும்பச்சையாக எழும்பி நிற்கும். அந்த வயல்காரர் எங்களைக் கண்டால், இந்த முறை பயிர் நல்லா வந்திருக்கு என்று சொல்லிச் சிரிப்பார்.