மூணே கால் மணி நேரம் ஒரே சாப்பாடு

நேத்து சாயங்காலம்தான் கெண்டல்ங்கற ஊர்ல எடுத்திருந்த ரூமுக்குத் திரும்பி வந்தோம், சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன். இங்கிலாந்துல மலையும் ஏரியுமா இருக்கற லேக் டிஸ்ட்ரிக்ட்டுக்கு எப்படி வர்றது, எவ்ளோ ஆகும்னு வரிசையா எழுதறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன், அதெல்லாம் அப்புறம். லண்டன் யூஸ்டன்ல ஏறி ஆக்ஸன்ஹோம்ல எறங்கினா ரெண்டே முக்கால் மணி நேரம், அங்கேர்ந்து ஒரு குட்டி ரயில் கெண்டல் வழியா விண்டர்மியர் போகுது. அவ்ளோதான். முதல்ல டாக்சிக்காரரைப் பத்திச் சொல்லிக்கறேன், இல்லன்னா எனக்கு ஆறாது.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆம்பிள்சைட்ங்கற ஊரைத் தாண்டி மலையடிவாரத்துல ஒரு பழைய பங்களா ஹோட்டல்ல 'சண்டே லஞ்ச்' புக் பண்ணியிருந்தோம். பிளான் என்னன்னா, விண்டர்மியர்ல பஸ் ஏறிடறது, தலைக்கு 3 பவுண்டுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு இங்க பஸ்ஸுக்கு உச்சவரம்பு இருக்கு, நான், வொய்ஃப், அம்மா மூணு பேருக்கு ஒம்போது பவுண்டு, முடிஞ்சது. ஆனா ஆகஸ்ட் மாசம் ஊரே இங்கதான் இருக்குங்கறதை நான் யோசிக்கவே இல்ல. பஸ் வந்துச்சு, உள்ள நிக்கக்கூட எடம் இல்ல, டிரைவர் கையை ஆட்டிட்டுப் போய்ட்டே இருந்தார். அடுத்தது அரை மணி கழிச்சு, அதுவும் இதே கதின்னு பக்கத்துல நின்ன பெரியவர் சிரிச்சுக்கிட்டே சொல்றார். வேற வழியில்லாம டாக்சி. ஏறும்போது 'இருபதுக்குள்ள வரும்'னு சொன்ன மனுஷன், எறங்கும்போது ஞாயித்துக்கிழமை ரேட், டிராஃபிக்னு என்னென்னமோ சொல்லி 26 வாங்கிட்டார். ஒரு பவுண்டு 115 ரூபான்னு மனசுல போட்டுப் பார்த்தேன், மூவாயிரம். ஏழு மைலுக்கு மூவாயிரம்! 'லீவுக்கு வந்த எடத்துல கணக்குப் பாக்காதீங்க'ன்னு என் வொய்ஃப் சொன்னா. கணக்குப் பாக்காம எப்படிங்க லீவுக்கு வர்றது?

சரி, சாப்பாடு. பன்னண்டரைக்கு உக்காந்தோம், எந்திரிச்சப்ப மூணே முக்கால். நான் ஆபீஸ்ல பத்து நிமிஷத்துல டிபன் பாக்ஸை மூடற ஆளு, மெஸ்ல நம்ம சேருக்குப் பின்னாடியே அடுத்த ஆள் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறப்ப மோர் சாதத்தை அவசரமா வழிச்சுப் போட்டே வளந்தவன். இங்க முதல் இருபத்தஞ்சு நிமிஷம் பிரெட்டும் வெண்ணெயும் தவிர ஒண்ணும் வரல. அம்மா மெதுவா குனிஞ்சு, 'ஏன்டா, நம்மளை மறந்துட்டாங்களா?'ன்னாங்க. சுத்தி ஒருத்தர் முகத்துலயும் பசி தெரியல, பக்கத்து டேபிள்ல ஒரு தாத்தாவும் பாட்டியும் பேசாம ஜன்னல் வழியா மழையைப் பாத்துட்டு இருந்தாங்க. மழைன்னா சும்மா இல்ல. இந்த மலைகளுக்கு நடுவுல சீத்வெயிட்னு ஒரு ஊர், இங்கிலாந்துலயே ஆளுங்க குடியிருக்கற எடத்துல அதிக மழை அங்கதான், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல. சென்னைக்கு 1,400 சொச்சம், அதுக்கே நாம போட் தேடறோம்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இங்க வரப்போறவங்க இதைக் கவனமா படிங்க. சண்டே ரோஸ்ட்டுன்னா வறுத்த கறி, வறுத்த உருளைக்கிழங்கு, கேரட், கோஸ், மேல கிரேவி. கறியை எடுத்துட்டா மிச்சம் சைவம்னு நெனச்சா போச்சு. உருளைக்கிழங்கை நெறைய எடத்துல மாட்டுக் கொழுப்புலயோ வாத்துக் கொழுப்புலயோதான் மொறுமொறுன்னு ஆக்கறாங்க, கிரேவி கறி சாறுல பண்ணறது. யார்க்‌ஷயர் புட்டிங்னு ஒண்ணு வரும், பேருதான் புட்டிங், இனிப்பே கிடையாது, மைதா முட்டை பால் கரைசலைக் கொதிக்கற கொழுப்புல ஊத்தி ஓவன்ல வெச்சா பொங்கி நடுவுல குழியா கிண்ணம் மாதிரி நிக்கும், அந்தக் குழில கிரேவி ஊத்தி அடிக்கணும். எனக்குப் பிரமாதம், அம்மாவுக்கு ஆகாது. சர்வ் பண்ண பொண்ணுக்கு இருபது வயசுகூட இருக்காது, கேட்ட உடனே ஒரு ஃபைலையே கொண்டு வந்துட்டா. இங்க 14 அலர்ஜி பொருள் சட்டப்படி லிஸ்ட்ல இருக்கு, எந்த ஐட்டத்துல எது இருக்குன்னு கேட்டா ஹோட்டல்காரங்க சொல்லியே ஆகணும், முட்டையும் பாலும் அதுல உண்டு. ஆனா கொழுப்பு அந்த லிஸ்ட்ல வராது, அதைத் தனியா கேக்கணும். நாங்க கேட்டோம், அவ கிச்சனுக்குப் போய் விசாரிச்சுட்டு வந்து, அம்மாவுக்கு எண்ணெயில பண்ண உருளைக்கிழங்கு தனியா, வேகன் நட் ரோஸ்ட், காய்கறி கிரேவின்னு ஏற்பாடு பண்ணிட்டா.

நட் ரோஸ்ட்னா முந்திரி, வால்நட் மாதிரி கொட்டைங்களைப் பொடிச்சு ஓவன்ல வெச்சு எடுக்கறது. எப்படி இருந்துச்சுன்னா, ம்ம், உப்புச்சப்பில்லாத பருப்பு வடையை அடையா தட்டின மாதிரி. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு சும்மா இருந்தாங்க. அப்புறம் டேபிள்ல இருந்த சின்ன பீங்கான் குப்பியைத் திறந்து, உள்ள மஞ்சளா இருந்ததை உருளைக்கிழங்குல தாராளமா தடவி வாயில போட்டாங்க. இங்கிலீஷ் மஸ்டர்ட், கடுகு விழுது! நாக்குல ஒண்ணும் தெரியாது, நேரா மூக்குல ஏறி உச்சந்தலையில அடிக்கும். அம்மா கண்ணுல தண்ணி, மூக்கைப் புடிச்சுக்கிட்டாங்க, 'அத்தை, தண்ணி குடிங்க'ன்னு வொய்ஃப் பதற, அம்மா கையைக் காட்டி நிறுத்திட்டு, 'இதுலதான்டா உயிர் இருக்கு'ன்னு இன்னொரு ஸ்பூன் எடுத்தாங்க. குப்பி காலி.

நான் ஆர்டர் பண்ணது ஹெர்ட்விக் ஆட்டுக்கறி. இந்த மலைக்கே உரிய ஆடு, மெதுவா வளரும், கறிக்குத் தனி வாசனை. கூட புதினா சாஸ், வினிகர் போட்டது, நம்ம சட்னின்னு நெனச்சு தொட்டா பல்லு கூசும். கறி மட்டும் அப்படியே நாருநாரா பிரிஞ்சு வந்துச்சு, மசாலாவே இல்லாம கறி இப்படி ருசிக்குமான்னு எனக்கே ஆச்சரியம். ஜன்னலுக்கு வெளிய சிமெண்ட்டே இல்லாம கல்லை அடுக்கிக் கட்டின சுவர், அதுக்கு அந்தப் பக்கம் வெள்ளை மூஞ்சி, சாம்பல் உடம்போட ஆடுங்க, கூடவே கறுப்புக் குட்டிங்க. 'ரெண்டு ஜாதியா?'ன்னு அம்மா கேட்டதை நான் அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். ஒரே ஜாதிதானாம், பொறக்கும்போது கறுப்பு, அப்புறம் பழுப்பு, வயசாக ஆக நரைக்குமாம். அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு, 'நம்மள மாதிரியே'ன்னு பாத்துக்கிட்டே இருந்தவங்க மெதுவா என் தட்டுப் பக்கம் திரும்பி, 'அதுவா இது?'ன்னாங்க. நான் கேரட்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டேன்.

ஸ்டிக்கி டாஃபி புட்டிங் பத்தி சொல்லாம விட்டா பாவம். பேரீச்சம்பழத்தை ஊற வெச்சு சேத்த கேக், மேல சூடா டாஃபி சாஸ், பக்கத்துல வெனிலா ஐஸ்கிரீம். இது எங்க பொறந்ததுன்னு சண்டை இருக்கு, ஆனா பிரபலமாக்கினது இதே லேக் டிஸ்ட்ரிக்ட்லதான், அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில ஷாரோ பேங்கற ஹோட்டல்ல பிரான்சிஸ் கோல்சன் 1970-கள்ல பரிமாறினது. நான் வாங்கினதுல முக்கால்வாசி வொய்ஃப் சாப்பிட்டா, 'எனக்கு ரெண்டு கோர்ஸ் போதும், காசு மிச்சம்'னு சொன்னவதான் அவ. காபி அங்கேயே குடிக்க விடல, லவுஞ்சுல சோபாவுல போய் உக்காருங்கன்னுட்டாங்க. உக்காந்தது ஒரு தப்பு, அம்மா தூங்கியே போய்ட்டாங்க, யாரும் எழுப்பவும் இல்ல, பில் வேணுமான்னு கேக்கவும் இல்ல. கடைசில நானா போய் பில் கேட்டேன்.

சாப்பாடும் காபியும் 110 பவுண்டு, அதுக்கு மேல பன்னண்டரை பெர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் 13.75. மொத்தம் 123.75, நம்ம காசுல பதினாலாயிரத்துக்கு மேல. குடிதண்ணி மட்டும் ஃப்ரீ, பாட்டில் வேண்டாம், குழாய்த் தண்ணின்னு கேட்டு வாங்குங்க, பார் லைசென்ஸ் இருக்கற எடத்துல குடுத்தே ஆகணும். சர்வீஸ் சார்ஜை வேண்டாம்னா எடுத்துடச் சொல்லலாம், என் கை துறுதுறுன்னுச்சு, வொய்ஃப் ஒரு பார்வை பாத்தா. 2024 அக்டோபர்லேர்ந்து டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் முழுசும் வேலை பாக்கறவங்களுக்கே போகணும்னு இங்க சட்டம், அந்தப் பொண்ணு அம்மாவுக்காகக் கிச்சனுக்கும் டேபிளுக்கும் நடந்த நடைக்கு அது கம்மிதான்னு குடுத்துட்டேன். டாக்சிக்குக் குடுத்த 26-ஐ நெனச்சாத்தான் இன்னும் எரியுது.

அந்த எரிச்சலோடதான், திரும்பறதுக்கும் டாக்சி கூப்பிடணுமான்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். 'எதுக்கு? வயலுக்கு நடுவுல பாதை இருக்கு, பதினஞ்சு நிமிஷத்துல பஸ் ஸ்டாப்'ங்கறா. காலைல இதை யாராவது சொல்லக் கூடாதா! மழை விட்டிருந்துச்சு. கேட்டைத் தொறந்து உள்ள போனா ரெண்டு பக்கமும் அதே ஆடுங்க, ஒண்ணு கூட நகரல. அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஒரு கறுப்புக் குட்டி முன்னாடி நின்னு, என்னைக் கையைக் காட்டி, 'இவன்கிட்ட பாத்து இருந்துக்கோ'ன்னு சொல்லிட்டு நடந்தாங்க.