காபன் நார் நைலோனும் கொழும்பின் ஈரக் காற்றும்

தையல் இயந்திர மோட்டாரைத் தாங்கும் கவ்வி, என் முப்பரிமாண அச்சுப்பொறியில், காபன் நார் கலந்த நைலோன் 6 இழையில், அடுக்குகள் எங்கும் பிளவுபடாமல் அச்சாகிவிட்டது. பிஎல்ஏ என்னும் சாதாரண அச்சு பிளாஸ்டிக்கில் செய்த பழைய கவ்வி மோட்டாரின் சூட்டில் மெல்ல வளைந்து பட்டியைத் தளரவிட்டுக்கொண்டே இருந்தது. 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகும் பொருளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இந்த வெற்றி முழுவதும் உலர்த்தலுக்கே உரியது. நைலோனின் அமைட்டுப் பிணைப்புகள் நீர் மூலக்கூறுகளை விடாமல் பற்றுபவை; நைலோன் 6 முழுமையாக ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் வரை நீரை ஏற்கும். சாரீரப்பதன் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல் நிற்கும் கொழும்பில், திறந்து வைத்த இழைச் சுருள் ஒரே இரவில் கெட்டுவிடுகிறது. அந்த ஈரம், உருகிய இழை வெளிவரும் முனையான நொசிலுக்குள் நீராவியாகி வெடித்துக் குமிழிகளை உண்டாக்குவதோடு, உருகுநிலையில் பல்பகுதியச் சங்கிலிகளையே அறுத்துவிடுவதால், மேற்பரப்பு ஓரளவு நன்றாகத் தெரிந்தாலும் அடுக்குகளின் பிடிப்பு போய்விடுகிறது.

80 பாகையில் 12 மணி நேரம் உலர்த்தினால் போதும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கை நான் இப்போது நம்புவதில்லை. நேரத்தை அல்ல, எடையைப் பார்க்க வேண்டும். சுருளை நகைத் தராசில் எடைபார்த்து, உலர்த்தியில் வைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறை மீண்டும் நிறுக்கிறேன். எடை குறைவது நிற்கும்வரை வெளியே எடுப்பதில்லை. மழைக்காலத்தில் இது 12 மணியைத் தாண்டிச் செல்கிறது. உலர்ந்ததும் சிலிக்கா ஜெல் நிரப்பிய மூடிய பெட்டிக்குள் சுருளை மாற்றி, டெஃப்லான் குழாய் வழியாக நேரே அச்சுப்பொறிக்குள் செலுத்துகிறேன். நீண்ட அச்சின்போது வெளியே தொங்கும் இழை, பாதி வேலையிலேயே மறுபடி ஈரமாகிவிடும்.

நொசில் கடினப்படுத்திய உருக்கு, 0.6 மில்லிமீற்றர். நார்த்துண்டுகள் பித்தளைத் துளையை அரம்போல அராவிவிடும். உருக்கு பித்தளையைவிடக் குறைவாக வெப்பம் கடத்துவதால் நொசிலின் வெப்பநிலையை 10 பாகை கூட்டிக்கொண்டேன்.

துருப்பிடிக்காத திருகாணிகளைப் பழைய சோனகத் தெருவில் சில்லறையாகவே வாங்கலாம். இழைதான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்; வெற்றிடப் பையில் வந்தாலும் அதை உலர்ந்ததாகக் கொள்ளக் கூடாது.

கவ்வியில் மோட்டாரை இன்னும் பூட்டவில்லை. எலும்புபோல் உலர்ந்த நைலோன் நொறுங்கும் தன்மை கொண்டது. சிறிது ஈரம் ஏறினால்தான் அதற்கு வலிவான நெகிழ்ச்சி வரும். ஆகவே அறைக் காற்றிலேயே விட்டு, அளவு மாறுவது நின்றபின் துளைகளை மீண்டும் அளக்க எண்ணியுள்ளேன்.

அதற்குள் மனம் காபன் நானோகுழாய் கலந்த பெட்ஜி என்னும் இன்னொரு பிளாஸ்டிக் இழைக்குப் போய்விட்டது. சில மைக்ரோமீற்றர் தடித்த நார்களைப் போலன்றி, நானோமீற்றர் அளவுக் குழாய்கள் சிறு விகிதத்திலேயே ஒன்றையொன்று தொட்டு மின்பாதை அமைப்பதால், சுற்றுப்பலகைகளுக்கு நிலைமின் தாக்காத தட்டு செய்யலாம். நொசிலின் வெப்பம் கூடக்கூட மின்தடை குறையும் என்பதே எனக்கு இதில் பெரிய ஈர்ப்பு. போகல, ககட்டகஹ சுரங்கங்களின் தூய கிரபைட்டைக் கொண்ட நாட்டில், கிரபைட்டின் ஓரணுத் தடிப்பு ஏடான கிராபீன் கலந்த உள்ளூர் இழையும் ஒருநாள் கைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. நிலைமின் தாக்காத அந்தத் தட்டின் மின்தடை சாதாரண மல்டிமீற்றரின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பதால், முதலில் உயர் மின்தடை அளக்கும் கருவியொன்றை இரவல் தேடுகிறேன்.