மழைக்கு முன்னால் விதைக்கிற சொல்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் பின்னேரங்களில் இங்கிலிஷ் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். என்.ஜி.ஓ. விளம்பரங்களையும் திட்ட அறிக்கைகளையும் போனில் கொண்டுவந்து அர்த்தம் கேட்பார்கள். அவற்றில் ஓயாமல் வருகிற ஒரு சொல் ‘அன்டிசிபேட்’. போனில் தட்டினால் ‘எதிர்பார்’ என்று காட்டும். ‘எக்ஸ்பெக்ட்’ என்று தட்டினாலும் அதேதான். “அப்ப ரெண்டும் ஒண்டுதானே சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

இன்றைய பேச்சில் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் பிறப்பு வேறு. எக்ஸ்பெக்ட்டின் லத்தீன் வேருக்கு ‘வெளியே பார்த்தல்’ என்று பொருள். அன்டிசிபேட்டில் இருப்பவை ‘முன்’, ‘எடுத்தல்’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள். ஆக, எக்ஸ்பெக்ட் பண்ணுகிறவர் வாசலைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கலாம். அன்டிசிபேட் பண்ணுகிறவர் எழும்பி ஏதாவது செய்திருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிடிவாதமாகக் காக்கிற இங்கிலிஷ்காரர் இன்னும் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி.

இதை விளங்கப்படுத்த என் பெரியப்பாவை விட்டால் எனக்கு ஆளில்லை. வெல்லாவெளிப் பக்கம் அவருக்கு மானாவாரி வயல். குளத்துத் தண்ணீர் எட்டாது. வடகீழ்ப் பருவமழைதான் எல்லாம். புரட்டாதியில், நிலம் வெடித்துக் கிடக்கும்போதே உழவு மெசினை இறக்கிப் புழுதியாக உழுது, நெல்லை எறிந்து, மண்ணால் மூடிவிடுவார். வானத்தில் ஒரு கருமுகில் இருக்காது. “மழை வந்த பிறகு விதைக்க வெளிக்கிட்டா, வட்டையில எல்லாருக்கும் ஒரே நாளில மெசின் வேணும் மனே” என்பார். வட்டை என்றால் வயல்வெளி. அவசரம் அது மட்டுமல்ல. பிந்தி விதைத்தவனின் பயிர், மாரி வெள்ளம் வரும்போது கட்டையாக நின்று மூழ்கும். முந்தி விதைத்த பயிர் அதற்குள் எழும்பியிருக்கும்.

மழை பிந்தினால்கூட அவர் அவ்வளவாகக் கலங்கமாட்டார். காய்ந்த மண்ணில் நெல் சும்மா கிடக்கும். எறும்பும் புறாவும் தின்றது போக மிச்சம் பிழைக்கும். அரைகுறை மழைதான் எமன். ஒரு தூறல் பெய்து, நெல் ஊறி முளைவிட்டு, பிறகு கிழமைக்கணக்கில் வெயில் எறித்தால் எல்லாம் கருகிவிடும். மறுவிதைப்புத்தான். அதனால் முதல் தூறலுக்கு அடுத்த காலையில் ஆளை வீட்டில் பிடிக்க முடியாது. வயலில் குந்தி, மண்கட்டியை விரலால் உடைத்து, உள்ளே கிடக்கிற நெல்லை எடுத்து நகத்தால் அமுக்கிப் பார்ப்பார். இறுக்கமாக இருந்தால் முகம் தெளியும். மாவாக நசிந்தால் அன்று முழுக்க யாரோடும் பேச்சில்லை.

அன்டிசிபேட்டுக்கு இன்னொரு பழைய பொருளும் உண்டு: கைக்கு வராத வருமானத்தை முன்கூட்டியே செலவழிப்பது. இப்போது அரிதாகத்தான் வழங்குகிறது. பெரியம்மாவின் காப்பு விதைப்புக்கு முன் அடகுக்குப் போகும். மாசி, பங்குனியில் சூடடித்து நெல் விற்றபின் திரும்பி வரும். நெல் விலை விழுந்தால் வராது. இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் போனைத் தட்டவில்லை. அவர்கள் வீட்டுக் காப்புகளும் அடகில்தான் இருக்கின்றன.

என்.ஜி.ஓ. ஆட்கள் ‘அன்டிசிபேட்டரி அக்‌ஷன்’ என்று ஒன்று சொல்வார்கள். புயலோ வெள்ளமோ வருமென்று முன்னறிவிப்பு வந்ததுமே, அடி விழுவதற்கு முன்பே சனத்தின் கையில் காசும் பொருளும் சேர்ப்பது. நல்ல யோசனைதான், குறைசொல்ல மாட்டேன். ஆனால் 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட எங்கள் ஊர்க் கிழவிகள், கார்த்திகை பிறக்க முன்பே கூரையைப் பார்த்து, விறகை உள்ளே ஏற்றி, நெருப்புப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி வைத்துவிடுவார்கள். அதையே மண்டபத்தில், மதியச் சாப்பாட்டோடு, இரண்டு நாள் பயிற்சியாகவும் படிக்கலாம்.

சரி, விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு. அன்டிசிபேட்டுக்குப் பின்னால் ‘டு கம்’, ‘டு கோ’ என்று போடக்கூடாது. பெயர்ச்சொல் வரலாம், ‘கமிங்’ என்ற வடிவம் வரலாம், ‘தெட்’ போட்டு ஒரு வசனம் வரலாம். ‘டு’தான் வேண்டுமென்றால் எக்ஸ்பெக்ட் இருக்கிறது. கடித முடிவில் ‘உங்கள் பதிலை அன்டிசிபேட் பண்ணுகிறேன்’ என்று எழுதினால், என்ன பதில் வருமென்று இவருக்கு ஏற்கெனவே தெரியுமாக்கும் என்று வாசிப்பவர் நினைக்க இடமுண்டு. ‘லுக் ஃபோவர்ட் டு’ போதும். அதற்குப் பின்னாலும் ‘ஹியரிங்’தான், ‘ஹியர்’ இல்லை. என் சிவப்புப் பேனா மை பாதி அதிலேயே முடிகிறது.